இஸ்தோப்பில் விழுந்த சொல்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பனியையும் தூறலையும் பார்க்காமல் ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று இலங்கை மலையகத்தின் நாலா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தும் வந்து கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"மலையக இளம் பெண்களை அழகு கிரீம்களிடம் தள்ளுவது கைபேசித் திரையா, வீட்டு இஸ்தோப்பா?" இதுதான் தலைப்பு. வீட்டு முன் திண்ணையான அந்த இஸ்தோப்புதான் என்று பேச வந்திருக்கிறேன். நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதின்மூன்று வருடமாகப் படிப்பிக்கிறேன். கொழுந்தெடுத்த அம்மாவின் மகள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது எல்லாம் அந்த வகுப்பறையிலும், லயம் என்கிற அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலும் பார்த்தவைதான்.

எதிரணித் தலைவர் தம்பி நன்றாகப் பேசினார். ஒரு பிள்ளை ஒரே நாளில் டிக்டொக்கில் நூறு முகம் பார்க்கிறாள், நூறும் ஃபில்டர் போட்ட முகம், அதற்குப் பிறகு தன் முகம் அவளுக்கு எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார். அடுத்து வந்த தங்கச்சி நம்மைக் கொரியாவுக்கே கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி மாதிரி மினுங்கும் தோல், கண் இமையில் மடிப்பு வைக்கும் அறுவை சிகிச்சை எல்லாம் சொன்னார். 2016இல் சீனாவில் பெண்கள் ஏ4 தாளை இடுப்புக்கு முன்னால் நிறுத்திப் பிடித்து, 21 சென்டிமீட்டர் அகலத் தாளுக்குப் பின்னால் இடுப்பு மறைகிறதா என்று படம் போட்டதையும் சொன்னார். எல்லாம் உண்மை. கைபேசியால் கேடு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போன் கைக்கு வருவதற்கு முன்பே தன் நிறத்தை வெறுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதிரணி என்ன பதில் வைத்திருக்கிறது?

கொரோனாவுக்கு முந்திய வருடம். மூன்றாம் வகுப்பில் "எங்கள் குடும்பம்" என்று ஒரு படம் வரையச் சொன்னேன். ஒரு சின்னப் பிள்ளை அப்பா, அம்மா, அம்மாயி, தம்பி, தான் என்று ஐந்து பேரையும் வரைந்து, அந்த வெளிர் ரோஜா நிறப் பென்சிலால் தீட்டியிருந்தாள். பிள்ளைகள் அதைத் "தோல் கலர்" என்றுதான் சொல்வார்கள். வாசலில் நின்ற நாய்க்குட்டி மட்டும் மண்ணிறம். அந்த வீட்டை எனக்குத் தெரியும். ஒருவர்கூட அந்தத் தோல் கலரில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா இந்தக் கலரா இருப்பாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்னாள்: "கறுப்பா அடிச்சா அம்மா பாவம் டீச்சர்."

ஐயா, அந்த வீட்டுக்கு ஸ்மார்ட் போன் வந்ததே 2020இல், பாடசாலைகளைப் பூட்டி ஒன்லைனில் வகுப்பு நடந்த காலத்தில்தான். அந்தப் படம் அதற்கு முந்தியது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு ஒரு பாவம் என்று தெரிந்திருக்கிறது. அம்மாவை அதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. கொரியாக்காரி யாரும் வந்து அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கே கற்றாள்? வயிற்றில் இருக்கும்போதே நாம் ஆரம்பித்துவிடுகிறோம். கோப்பி குடிக்காதே, பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்கிறோம். குங்குமப்பூ தேடி கண்டி வரைக்கும் ஆள் அனுப்புகிறோம். பிள்ளை பிறந்து துணியில் சுற்றிக் கையில் தந்ததும், ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி என்ன? "என்ன கலர்?" அதோடு விடுகிறோமா? இப்ப சிவப்பா இருக்கும், காது நுனியைப் பாருங்க, அதுதான் நிஜக் கலர் என்று, கண் திறக்காத பிள்ளையின் காதைத் திருப்பிப் பார்க்கிறோம். சபையில் எத்தனை பேர் அப்படித் திருப்பிப் பார்த்திருக்கிறோம்? நானும் பார்த்திருக்கிறேன், என் அக்கா மகளின் காதை.

அப்புறம் பட்டப்பெயர். அப்புறம் பாடசாலை விழா. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வரவேற்பு நடனத்துக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும்போது, கொஞ்சம் நிறமான பிள்ளையை முன்னால் நிறுத்திய ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. நன்றாக ஆடிய பிள்ளை பின் வரிசையில் நின்று ஆடினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் விளங்கியிருக்கும்.

அப்புறம் சடங்கு. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எதிரணியின் பெரிய ஆயுதம் ஃபில்டர். நம் பிள்ளை வயதுக்கு வருகிறாள். கடன் வாங்கியாவது சடங்கு செய்கிறோம். டவுனில் இருந்து மேக்கப் போட ஆள் வருகிறது. கழுத்துக்கு ஒரு நிறம், முகத்துக்கு ஒரு நிறம், கைக்கு ஒரு நிறம் என்று பிள்ளையை உட்கார வைக்கிறோம். அது போதாமல், ஆல்பம் செய்யக் கொடுக்கும்போது ஸ்டூடியோக்காரரிடம் அம்மா சொல்கிறார்: "தம்பி, கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க." அவரும் கொடுக்கிறார். அந்த ஆல்பத்தை வருகிறவர்களுக்கு எல்லாம் எடுத்துக் காட்டுகிறோம், பக்கத்தில் அந்தப் பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டே. வந்தவர் படத்தைப் பார்க்கிறார், பிள்ளையைப் பார்க்கிறார், மறுபடி படத்தைப் பார்க்கிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நடுவர் ஐயா, அவள் வாழ்க்கையில் விழுந்த முதல் ஃபில்டர் அது. போட்டது அவள் அம்மா. பின்னாளில் அவளே தன் போனில் அதே வெள்ளையைத் தேடிப் போடுகிறாள் என்றால், எங்கே பழகினாள் என்று கேட்க வேண்டாமா?

எதிரணி நண்பர்களுக்கு ஒரு வருடக் கணக்கும் தருகிறேன். தோலை வெளுப்பாக்கும் என்று சொல்லி ஆசியா முழுவதும் பேர் வாங்கிய ஃபெயர் அண்ட் லவ்லி கிரீம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 1975இல். அப்போது கைபேசி கிடையாது. இலங்கையில் தொலைக்காட்சியே கிடையாது. தொலைக்காட்சி இங்கே வந்ததே 1979இல். கைபேசித் திரை இல்லாத காலத்திலேயே ஒரு கம்பனி துணிந்து அந்தக் கிரீமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது என்றால், வாங்க ஆள் தயாராக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெண் பார்க்கும் வீடுகள் அந்தச் சந்தையை முன்பே உழுது வைத்திருந்தன. 2020இல், உலகம் முழுவதும் நிறவெறிக்கு எதிராக எழுந்த குரலுக்குப் பிறகு, அந்தக் கிரீமின் பெயரில் இருந்த ஃபெயரை எடுத்துவிட்டு க்ளோ என்று வைத்தார்கள். அதே வருடம் இந்தியாவின் பெரிய திருமணத் தளம் ஒன்று, தோல் நிறத்தைக் குறிப்பிட்டு வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது. பெண்கள் கையெழுத்துத் திரட்டிக் கேட்டதால் எடுத்தது. பெட்டியில் பெயர் மாறிவிட்டது. தளத்தில் பொத்தான் போய்விட்டது. நம் தரகர் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி மாறியதா? "பிள்ளை நல்லா படிச்சிருக்கு, சரி. ஆள் எப்படி, நெறமா?" அந்தப் பொத்தான் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கொரியாவைச் சொன்ன தங்கச்சிக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கண் இமை அறுவை சிகிச்சைக்குக் காசு கொடுப்பது பல வீடுகளில் யார்? பெற்றோர். உயர்நிலைப் பள்ளி முடித்து, பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை எழுதிய மகளுக்குப் பரிசாகவே அதைச் செய்து வைக்கிற வழக்கம் அங்கே இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படம் ஒட்டி அனுப்புகிற பழக்கமும் அங்கே நெடுநாளாக இருந்தது. 2017இல்தான் அரசுத் துறை வேலைகளுக்குப் படம் வேண்டாம் என்று கொண்டுவந்தார்கள். 2018இல் அந்த நாட்டு இளம் பெண்கள் தங்கள் லிப்ஸ்டிக்கையும் பவுடரையும் உடைத்து நொறுக்கி, தலைமுடியைக் கட்டையாக வெட்டி, "இந்தக் கச்சைக் கழற்றுகிறோம்" என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். உடைத்ததைப் படம் எடுத்து எங்கே போட்டார்கள்? போனில்தான். நீங்கள் குற்றவாளி என்று சொல்லும் அதே திரையை அந்தப் பெண்கள் தங்கள் குரலுக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கோபம் தங்களிடம் ஓயாமல் முகத்தைக் கேட்ட வீட்டின் மேலும் வேலைத்தலத்தின் மேலும் இருந்தது. கொரியாவும் என் அணிக்குத்தான் சாட்சி சொல்கிறது, தங்கச்சி.

இனி என் சொந்தக் கதை. மேடையில் இதை நான் இதுவரை சொன்னதில்லை.

2011இல் எனக்கு இருபத்து மூன்று வயது. கையில் இருந்தது பட்டன் போன், ரேடியோவும் டோர்ச்சும் உள்ளது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. அத்தை ஒருவர் ஒரு மாலை நேரம் எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டி, டீச்சருக்குப் படிச்சிட்டு கொழுந்துக்காரி மாதிரி இப்படி கறுத்துக் கெடக்குற?" என் அம்மா அப்போதுதான் மலையில் இருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக்காரி அங்கேயேதான் நிற்கிறார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. மறுநாள் அம்மாதான் காசு தந்தார். மூன்று நாள் கூலி. டவுனில் ஒரு கடையில் சின்ன உருண்டைப் பெட்டியில் நைட் கிரீம் ஒன்று வாங்கினேன். என்ன கலந்தது, யார் செய்தது என்று அதில் ஒரு வரி கிடையாது.

மூன்று வாரத்தில் என் முகம் வெளுத்தது. பருக்கள் அமுங்கின. லயமே வந்து பார்த்தது. அதே அத்தை கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை அழகி என்று சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை, அதுதான் எனக்கு வேதனை. இரண்டு மாதம் பூசினேன். பெட்டி முடிந்து, அடுத்தது வாங்கக் காசு இல்லாமல் ஒரு வாரம் விட்டேன். முகம் நெருப்பில் வாட்டியது போல எரிந்தது. கன்னம் சிவந்து, மெல்லிய நரம்புகள் வலை மாதிரி தெரிந்தன. பரு கொத்துக் கொத்தாக வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார முடியாது, வெயில் பட்டால் கண்ணீர் வரும்.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் தோல் வைத்தியர் முகத்தைப் பார்த்ததுமே, "இதில் ஸ்டெரொய்ட் கலந்திருக்கு" என்றார். தோல் வியாதிக்கு வைத்தியர் அளந்து, நாள் குறித்துத் தருகிற மருந்து அது. முதலில் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அமுக்கும், அதனால் முகம் வெளுத்து மழமழவென்று ஆகும். நாள்பட்டால் தோலை மெலிய வைக்கும். நிறுத்தினால் அமுக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து கிளம்பும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள், அப்படியே அதற்கு அடிமையாகிவிடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

கடைசியில் அவர் கேட்டார், "யார் உங்களைப் பூசச் சொன்னது?" நான் சொன்னேன், "ஒருத்தரும் சொல்லல டொக்டர்." பதினைந்து வருடம் ஆகப் போகிறது. அந்தப் பதில் பொய் என்று எனக்கு விளங்கவே பல வருடம் எடுத்தது.

நான் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னும் மோசமான சாமான் இருக்கிறது. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்குகிற நொதியைப் பாதரசம் முடக்கிவிடும், அதனால்தான் மலிவான கிரீம்களில் அதைக் கலக்கிறார்கள். நகை செய்கிறவர்களைக் கேளுங்கள், பாதரசம் பட்டால் தங்கமே வெளுத்துப் போகும். சில பெட்டிகளில் தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும் என்றே அச்சடித்திருக்கும். நகைக்கு ஆகாதது பிள்ளையின் கன்னத்துக்கு ஆகுமா? அது தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் விடாது. பூசுகிறவளோடும் அது நிற்பதில்லை. ஆவியாகக் காற்றில் கலக்கும், துவாயில் ஒட்டும், தலையணையில் ஒட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா, ஒரே பாயில் அக்காவும் தங்கச்சியும் கைப்பிள்ளையும் படுக்கிற இடம். ஒருத்தி பூசினால் அந்த வீடே பூசுகிற கணக்குத்தான்.

உலகத்துக்கு இது தெரியாமல் இல்லை. தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் மீன் வழியாகச் சனங்களை முடமாக்கிய ஜப்பானின் மினமாட்டா ஊரின் பெயரிலேயே 2013இல் ஓர் உலக உடன்படிக்கை செய்தார்கள். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020க்குப் பிறகு செய்யவும் கூடாது, ஏற்றி இறக்கவும் கூடாது என்று அதில் எழுதினார்கள். 2023இல் அந்த ஒரு பங்கும் வேண்டாம், துளியும் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனாலும் பெட்டி விற்கிறது, ஏனென்றால் இஸ்தோப்பில் அந்தச் சொல் விழுந்துகொண்டே இருக்கிறது. 2024இல் அடிப்படை நாட்கூலியை 1350 ரூபாய் ஆக்குவதற்கு நம் சனம் எவ்வளவு நாள் குரல் கொடுத்தது! அப்படிக் கேட்டு வாங்குகிற கூலியில் நாள் நாளாக எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெட்டிக்குக் கொடுக்கிறோம்.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார்: பெற்ற தாய் தகப்பன் பிள்ளைக்குக் கெட்டது நினைப்பார்களா? நினைக்க மாட்டார்கள் தம்பி. அதனால்தான் இது இவ்வளவு ஆழமாகப் போகிறது.

முகம் எரிந்து நான் படுத்திருந்த நாட்களில், ஒரு ராத்திரி அம்மா ஈரத்துணியை என் கன்னத்தில் ஒத்திக்கொண்டே சொன்னார்: "நான் நிக்கிற வெயில்ல நீ நிக்கக் கூடாதுன்னுதான்டி." அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் இருநூறு வருடக் கதை இருக்கிறது. கோப்பிக் காலம் தொட்டு வெயிலிலும் மழையிலும் நின்றவர்கள் நாம். நிழலில் நின்றவர் துரை, பங்களாவில் இருந்தவர் துரைசாணி. வெயில் படாத தோல் என்றால் மலை ஏறாத வாழ்க்கை. அதனால் மகள் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று என் அம்மா ஆசைப்பட்டது அழகுக்காக இல்லை, விடுதலைக்காக. அந்த ஆசை எனக்கு விளங்குகிறது, அதை நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்த ஆசை வாய் வழியாக வரும்போது என்னவாக வந்தது? "கொழுந்துக்காரி மாதிரி கறுத்துக் கெடக்குற." இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த கைகளின் நிறத்தை, எங்களுக்குச் சோறு போட்டு என்னை டீச்சர் ஆக்கிய கைகளின் நிறத்தை, நாமே ஏச்சுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். என் மகள் கறுப்பு என்று நாம் வெட்கப்படும் ஒவ்வொரு தடவையும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் விடிய முன்னே போய் நின்ற நம் ஆத்தாவைப் பார்த்துத்தான் வெட்கப்படுகிறோம்.

தமிழுக்கு இந்த வெட்கம் பழக்கமும் இல்லை. சங்கப் பாட்டில் தலைவியின் அழகான நிறத்துக்கு மாமை என்று பெயர், மாந்தளிரின் நிறம். காதலன் பிரிந்த கவலையில் அவள் தோல் வெளிறிப் போனால் அதற்குப் பசலை என்று பெயர். வெளிறிப் போவதை அன்றைக்கு நோயாகப் பார்த்தார்கள், தோழி கவலைப்பட்டாள். நம் தோட்டத்துப் பழைய பேர்ப் பதிவான செக்ரோலைப் புரட்டினால் கறுப்பாயி என்று எத்தனை பேர் இருப்பார்கள்! பெற்றவர்கள் ஆசையாகக் கூப்பிட வைத்த பெயர் அது.

நம் உயரத்தையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் தோலைச் சுடும் புறஊதாக் கதிர் பத்து வீதம் அளவுக்குக் கூடும். குளிர் அடிப்பதால் நமக்குத் தெரிவதில்லை, மெல்லிய முகிலையும் ஊடுருவி வந்துவிடும். அந்த வெயிலில் நின்ற நம் அம்மாமாரைக் கொஞ்சமாவது காத்தது அந்தக் கறுப்புத்தான். அதைச் சுரண்டி எடுக்கவா காசு கொடுக்கிறோம்?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடிக்கிறேன்.

போனை வாங்கி அலுமாரியில் பூட்டுங்கள் என்கிறது எதிரணி. பூட்டுங்கள். அந்தப் பிள்ளை இஸ்தோப்புக்கு வருவாள், அங்கே அத்தை உட்கார்ந்திருப்பார். ஒரு பிள்ளை லீவுக்குக் கொழும்பில் இருந்து வீட்டுக்கு வந்து பையை இறக்குவதற்கு முன்னால், கறுத்துட்டே, வெளுத்துட்டே என்று சொல்லாமல், சாப்பிட்டியா என்று கேட்க நம்மால் முடியும். ஸ்டூடியோத் தம்பியிடம், பிள்ளை எப்படி இருக்கோ அப்படியே குடுங்க என்று சொல்ல முடியும். தரகர் நிறத்தைக் கேட்டால், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க என்று சொல்லவும் முடியும். எதையும் மாற்ற முடிகிற இடம் நம் இஸ்தோப்பு. அதனால் பொறுப்பும் அதற்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரும்போது என் வகுப்புக் கலர்ப் பெட்டியில் இருந்து இரண்டு பென்சில் எடுத்து வந்தேன். இரண்டும் ஜனவரியில் ஒரே நாளில் சீவியவை. இது தோல் கலர், பாருங்கள், விரலால் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்து துண்டாகிவிட்டது. இது மண்ணிறம். நாய்க்குட்டிக்கும் மரத்துக்கும் மட்டும் எடுத்தது, கடையில் வாங்கியது போலவே இருக்கிறது. இரண்டையும் உங்கள் மேசையில் வைக்கிறேன் ஐயா.

வணக்கம்.